கலங்கின தண்ணியும் ஏ.கே. ராமானுஜனும்

பேங்க் ஆப்ல வர்ற மெசேஜ், மிக்ஸி டப்பாக்குள்ள கிடக்குற சின்ன புக்லெட், இன்ஷூரன்ஸ் பேப்பர்ல பொடி எழுத்துல இருக்குற கண்டிஷன், இதையெல்லாம் இங்கிலீஷ்லேருந்து தமிழுக்கு மாத்திக் குடுக்குறதுதான் என் பொழப்பு. வார்த்தைக்கு இவ்வளவுன்னு காசு. இலக்கியத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னுதான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா இந்த வேலையில தினமும் ஒரே சுவத்துலதான் போய் முட்டிக்கிறேன். இங்கிலீஷ்காரன் சொல்ல வந்ததை முன்னாடியே சொல்லிட்டு அப்புறம் வாலை நீட்டிக்கிட்டே போவான், நாம வாலையெல்லாம் முன்னாடி கட்டிட்டு கடைசியிலதான் தலையைக் காட்டுவோம். "நேத்து பஸ் ஸ்டாண்டுல என்கிட்ட சில்லறை கேட்டு சண்டை போட்ட கண்டக்டரோட தம்பி"ன்னு நான் சொன்னா, தம்பி வர்ற வரைக்கும் நீங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். இங்கிலீஷ்ல தம்பிதான் முதல்ல வருவான், பஸ் ஸ்டாண்டு கடைசியில வரும். அப்படியே தலைகீழ், கண்ணாடியில பாக்குற மாதிரி.

இதை எனக்கு முன்னாடியே ஒருத்தர், மிக்ஸி புக்லெட்டுக்காக இல்ல, ஐங்குறுநூறுங்கிற சங்கப்பாட்டுத் தொகுப்புக்காக உக்காந்து யோசிச்சிருக்காருன்னு தெரிஞ்சப்போ ஒரு ஆறுதல் வந்துச்சு பாருங்க. அவரைப் பத்தி எழுதணும்னு ரெண்டு வருஷமா டிராஃப்ட்ல கிடக்கு. இன்னைக்கு முடிச்சிடலாம்.

எம்.ஏ இங்கிலீஷ் படிக்கிறப்போ இந்தியக் கவிஞர்கள் இங்கிலீஷ்ல எழுதுனது ஒரு பேப்பர். லைப்ரரி புக்கோட ஜெராக்ஸ்தான் எல்லாருக்கும், ஓரமெல்லாம் கறுப்பா, நடுவுல மடிப்புல பாதி எழுத்து முழுங்கிட்டிருக்கும். அதுல சிலபஸ்ல இல்லாத பக்கமும் சேர்ந்து வந்திருச்சு. ஒரு சின்ன கவிதை, இங்கிலீஷ்ல, உங்கம்மாவும் எங்கம்மாவும் யாரோ எவரோ, எங்கப்பாவும் உங்கப்பாவும் எந்த வகையில சொந்தம்னு ஆரம்பிச்சு, செம்மண்ணும் கொட்டுற மழையும் மாதிரி கலந்துட்டோம்னு முடியுது. பஸ்ல நின்னுக்கிட்டே படிச்சேன், அட என்னமா எழுதியிருக்கான் இந்த ஆளுன்னு தோணுச்சு. யாரோ மாடர்ன் கவிஞன்னு நினைச்சேன். கீழ குறுந்தொகை 40ன்னு சின்னதா போட்டிருந்ததை வீட்டுக்கு வந்து லைட் போட்டு பாக்குறப்போதான் கவனிச்சேன். "யாயும் ஞாயும் யாரா கியரோ". பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் படிச்சவன்தான் நான், இந்தப் பாட்டை மனப்பாடம் பண்ணி அடிபிறழாம எழுதி மார்க் வாங்குனவன்தான். கல்யாணப் பத்திரிகையில எத்தனை தடவ பாத்திருப்பேன். அது ஒரு கவிதைங்கிறது எனக்கு இங்கிலீஷ்ல படிச்சாதான் தெரிஞ்சுச்சு. வெக்கமா இருந்துச்சு, அந்த வெக்கம் இன்னும் முழுசாப் போகல.

அந்த ஜெராக்ஸ்ல இருந்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்புக்கு சொந்தக்காரர்தான் ஏ.கே. ராமானுஜன். (கூகுள்ல வெறும் ராமானுஜன்னு தேடுனா கணக்குக்காரர்தான் வருவாரு. இவருக்கு கணக்கு வராது, ஆனா இவங்க அப்பா கணக்கு புரொபசர். அந்தக் கதை கீழ வருது.)

1929-ல மைசூர்ல பொறந்தவர், ஐயங்கார் குடும்பம். அந்த வீட்டுல மொழி எப்படி பிரிஞ்சு கிடந்துச்சுன்னு அவரே எழுதியிருக்காரு. மாடியில அப்பா, அங்க இங்கிலீஷும் சமஸ்கிருதமும். கீழ அடுக்களையில அம்மா, பாட்டி, அங்க தமிழ். வாசப்படி தாண்டி தெருவுல இறங்குனா கன்னடம். தாய்மொழி மாதிரியே இங்கிலீஷும் சமஸ்கிருதமும் எனக்கு தந்தைமொழின்னு சொல்லுவாரு. ஒரு பையன் படியில ஏறி இறங்குற நேரத்துல மொழி மாத்திக்கிட்டே வளர்ந்திருக்கான். நம்ம ஊர்லயும் பார்டர் பக்கத்து வீடுங்கள்ல, வேற ஸ்டேட்டுக்கு பொழைக்கப் போனவங்க வீடுங்கள்ல இது நடக்குறதுதான், ஆனா நாம அதை ஒரு குறையா நினைச்சு மறைப்போம், "எம் பசங்களுக்கு தமிழ் சரியா வராதுங்க"ன்னு. அவரு அந்த மாடிப்படியை வச்சே வாழ்நாள் பூரா எழுதியிருக்காரு.

அப்பா கிருஷ்ணசாமி ஒரு தனி கேரக்டர். மைசூர் யுனிவர்சிட்டியில கணக்கு புரொபசர், வானவியல் தெரிஞ்சவர். பஞ்சகச்சத்துக்கு மேல இங்கிலீஷ் கோட்டு, காலுல கட்டம் போட்ட சாக்ஸும் லெதர் ஷூவும், வீட்டுக்குள்ள நுழையுறப்போ ஷூவைக் கழட்டிருவாரு. வெளிநாட்டு கணக்கு நிபுணர்கள் அவரைத் தேடி வருவாங்க, உள்ளூர் பஞ்சாங்கக்காரங்களும் ஜோசியம் பேச வருவாங்க, ரெண்டு கூட்டத்துக்கும் அதே மாடிதான். மகனுக்கு இது தாங்கல. அப்போ புளூட்டோவைக் கண்டுபிடிச்சு கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும், நெப்டியூனும் புளூட்டோவும் இருக்கே உங்க நவகிரகத்துல அது எங்கப்பான்னு கேட்டா, அதுக்குத் தகுந்த மாதிரி திருத்தம் பண்ணிக்க வேண்டியதுதான்னு சொல்லியிருக்காரு. எப்படிப்பா ரெண்டையும் நம்புறேன்னு கேட்டதுக்கு, மூளைக்கு ரெண்டு பாகம் இருக்குறது உனக்குத் தெரியாதான்னு திருப்பிக் கேட்டாராம். இந்தக் கேள்வியைத் தூக்கிக்கிட்டே திரிஞ்சுதான் பின்னால 1989-ல, இந்தியர்களுக்குன்னு ஒரு யோசிக்கிற முறை இருக்கான்னு அந்தப் பெரிய கட்டுரை வந்துச்சு. சந்தர்ப்பத்துக்குத் தகுந்த மாதிரி விதி மாறுறது நம்ம இலக்கணத்துலேருந்து தர்மம் வரைக்கும் ஓடுதுன்னு சொல்லுவாரு. பெரிய தியரிதான், எனக்கு என்னவோ அது முழுக்க அந்த சாக்ஸ்லேருந்து வந்ததாத்தான் தெரியுது.

காலேஜ்ல முதல்ல சயின்ஸ்தான் சேர்ந்திருக்காரு. பையனுக்கு கணக்கு மூளை இல்லன்னு அப்பாவுக்குப் புரிஞ்சுபோச்சு. கையைப் பிடிச்சு ஆபீஸுக்கு கூட்டிட்டுப் போய், குரூப்பை இங்கிலீஷுக்கு மாத்திக் குடுத்துட்டு வந்துட்டாராம். கணக்கு வாத்தியார் அப்பா இதைச் செய்யணும்னா யோசிச்சுப் பாருங்க. இன்னைக்கும் நம்ம வீடுங்கள்ல தலைகீழாத்தான் கையைப் பிடிச்சு இழுக்குறாங்க.

1950-ல எம்.ஏ முடிச்சுட்டு கொல்லம், மதுரை, பெல்காம், பரோடான்னு ஊர் ஊரா இங்கிலீஷ் வாத்தியார் வேலை. மதுரையில இருந்தது கொஞ்ச நாள்தான், ஆனா வைகையை வச்சு ஒரு கவிதை எழுதிட்டுப் போயிட்டாரு, 1966-ல வந்த முதல் இங்கிலீஷ் தொகுப்புல இருக்கு. வெயில் காலத்துல ஆறு வத்தி மணல்ல விலா எலும்பு தெரியும், மதகுல வைக்கோலும் பொம்பளைங்க தலைமுடியும் சிக்கிக் கிடக்கும், ஈரக்கல்லு தூங்குற முதலை மாதிரி, காஞ்ச கல்லு மழிச்ச எருமை மாதிரி. ஆனா கவிஞர்கள் வெள்ளத்தை மட்டும்தான் பாடுனாங்க. ஒரு வெள்ளத்துல மூணு வீடும், ஒரு கர்ப்பிணியும், ரெண்டு பசுவும் போச்சு. அந்தப் பொண்ணு வயித்துல ரெட்டைப் பிள்ளையா இருந்திருக்கலாம், பொறக்குறதுக்கு முன்னாடியே உதைச்சுக்கிட்டு. அதை எவனும் பாடல. பழைய புலவர்கள் பாடல, புதுப் புலவர்களும் பழசையே காப்பி அடிச்சாங்கன்னு நேராவே சொல்லுறாரு. ஊர்ல கொஞ்ச நாள் இருந்துட்டுப் போன ஒரு வாத்தியார் இப்படி எழுதிட்டாரேன்னு முதல் தடவ படிச்சப்போ எனக்கு சுருக்குன்னுச்சு. வைகைப் பாலத்துல வண்டியில போறப்ப எல்லாம் இப்ப கீழ குனிஞ்சு பாக்குறது பழக்கமாயிருச்சு. பெரும்பாலும் மணல்தான்.

அப்புறம் புனே டெக்கான் காலேஜ்ல மொழியியல், 1959-ல அமெரிக்கா, இண்டியானாவுல பிஎச்டி, 1962-லேருந்து சிகாகோ யுனிவர்சிட்டி. சாகுற வரைக்கும் அங்கதான். இந்த இடத்துல ஒரு சனிக்கிழமை இருக்கு, அதுக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுறேன்.

சிகாகோ போன புதுசு. ஹார்ப்பர் லைப்ரரியோட அண்டர்கிரவுண்டுல பழந்தமிழ் இலக்கணம் ஏதாவது சின்னதா, ஸ்கூல் லெவல்ல கிடைக்குமான்னு தேடிக்கிட்டு இருந்திருக்காரு. ஏன்னா பழந்தமிழ் அவர் படிச்சதே இல்ல. வீட்டுல தமிழ் பேசுவாரே ஒழிய, படிச்சதெல்லாம் கன்னடமும் இங்கிலீஷும். தேடுறப்போ கையில சிக்குனது உ.வே.சா 1937-ல பதிப்பிச்ச குறுந்தொகை. உ.வே.சா ஊர் ஊரா அலைஞ்சு, செல்லரிச்ச ஏட்டையெல்லாம் கெஞ்சி வாங்கி, ராத்திரி பகலா உக்காந்து அச்சுல ஏத்துன விஷயம், இங்கேருந்து கடல் தாண்டிப் போய் ஒரு கிடங்குல தூங்கிக்கிட்டு இருந்திருக்கு, அதை ஒரு மைசூர்த் தமிழன் எடுத்து தூசி தட்டுறான். அன்னைக்கு ஆரம்பிச்ச வேலை 1967-ல 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்'னு புத்தகமா வந்துச்சு. தன்னோட மரபுங்கிறது பொறப்பால தானா வந்துடாது, பாடுபட்டுத்தான் திரும்ப சம்பாதிக்கணும்ங்கிற அர்த்தத்துல பின்னால ஒரு இடத்துல சொல்லியிருப்பாரு.

அந்தத் தலைப்பு சும்மா அழகுக்கு வச்சதில்ல, அகம்ங்கிற வார்த்தைக்கு அவர் போட்ட இங்கிலீஷ். அகம்னா உள்ளே, மனசு, வீடுன்னு எல்லாம் அர்த்தம் இருக்குன்னு விளக்கி விளக்கி எழுதுவாரு. படிக்கிறப்போ எனக்கு ஒண்ணு தோணுச்சு. ஐயங்கார் வீட்டுல "ஆத்துக்கு வா", "ஆத்துல யாரு"ன்னுதானே பேசுவாங்க, அந்த ஆம்ங்கிறது அகம்தானே. தொல்காப்பியத்துல பண்டிதர்கள் பிச்சுப் பிச்சு உரை எழுதுற வார்த்தை, அந்தப் பையனுக்கு அடுக்களையில காபி கலந்து குடுக்குறப்பவே காதுல விழுந்திருக்கு. இலக்கணம் தெரியாதுன்னு அண்டர்கிரவுண்டுக்கு இறங்கிப் போன மனுஷன், வார்த்தையை வீட்டுலேருந்தே கொண்டு போயிருக்காரு.

சரி, ஒரு பாட்டைக் கிட்டப் போய் பாப்போம். ஐங்குறுநூறு 203, கபிலர். தலைவி ஊரை விட்டு தலைவனோட அவன் ஊருக்குப் போயிட்டு திரும்பி வந்திருக்கா. அந்த ஊர்த் தண்ணி நல்லா இருக்காதே, எப்படிடி குடிச்சேன்னு தோழி கேக்குறா. அதுக்குப் பதில்:

அன்னாய் வாழி வேண்டு அன்னை நம் படப்பைத்
தேன் மயங்கு பாலினும் இனிய அவர் நாட்டு
உவலைக் கூவற் கீழ
மான் உண்டு எஞ்சிய கலிழி நீரே

நம்ம தோட்டத்துத் தேன் கலந்த பாலை விட இனிக்கும், அவர் ஊர்ல தழை மூடுன குழிக்கு அடியில மான் குடிச்சு மிச்சம் வச்ச கலங்கின தண்ணி. அவ்வளவுதான் பாட்டு. ஆனா தமிழ்ல அது நகர்ற விதத்தைப் பாருங்க. நம்ம தோட்டத்துல ஆரம்பிக்குது, தேன், பால், அப்புறம் இனிப்பு. எது இனிப்புன்னு சொல்லல. அவர் நாடு, தழை, குழி, அடி, மான், மிச்சம், கலங்கல், கடைசியில நீர். அவ நம்மளை கையைப் பிடிச்சு அந்தக் குழிக்குள்ள இறக்கி, கடைசி வார்த்தையிலதான் தண்ணியைத் தொட விடுறா. இதை இங்கிலீஷ்ல அப்படியே வைக்க முடியாது, அந்த மொழி இனிக்கிறது எதுன்னு முன்னாடியே சொல்லச் சொல்லும். என்ன பண்ணாருன்னா, "இனிப்பு"ங்கிறதைத் தூக்கி முன்னாடி போட்டாரு, தண்ணியை நடுவுல வச்சாரு, மிச்சத்தை வரி வரியா உடைச்சு ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு படியா கீழ இறக்குனாரு. வாக்கியத்துல செய்ய முடியாததை பேப்பர்ல, வரி முறியுற இடத்துல செஞ்சாரு. இதை விளக்கி அவரே ஒரு கட்டுரை எழுதியிருக்காரு, தமிழும் இங்கிலீஷும் கண்ணாடி பிம்பம் மாதிரி திரும்பி நிக்குதுன்னு. நான் பேங்க் ஆப் மெசேஜோட மல்லுக்கட்டி மண்டை காய்ஞ்ச ஒரு ராத்திரியிலதான் அதைப் படிச்சேன்.

அந்தக் கட்டுரை ஒரு சீனக் கதையில முடியும். ஒரு ராஜா மலையைக் குடைஞ்சு சுரங்கப் பாதை போடச் சொல்லுறான். ரெண்டு பக்கத்துலேருந்தும் தோண்டலாம், நடுவுல சந்திக்கும்னு முடிவு பண்றாங்க. சந்திக்கலன்னா? சந்திக்கலன்னா நமக்கு ஒண்ணுக்கு ரெண்டு சுரங்கம் கிடைக்கும்னு பதில் வருது. மொழிபெயர்ப்பைப் பத்தி இதை விட நேர்மையா ஒருத்தரும் சொல்லி நான் பாத்ததில்ல. என் கிளையன்ட்டுகிட்ட இதைச் சொன்னா இன்வாய்ஸ் பாஸ் ஆகாது, அது வேற.

இதுல வேடிக்கை என்னன்னா, இவரு ரெண்டு மொழி எழுத்தாளர்னு சொல்றப்போ அந்த ரெண்டுல தமிழ் கிடையாது. இங்கிலீஷும் கன்னடமும்தான். கன்னடத்துல 1969, 1977, 1990-ல கவிதைத் தொகுப்பு வந்துச்சு, 1978-ல ஒரு குறுநாவல். கன்னட வசனங்களை (வீரசைவ பக்திக் கவிதைகளை) 1973-ல இங்கிலீஷ்ல கொண்டு போனாரு, அனந்தமூர்த்தியோட சம்ஸ்காரா நாவலை 1976-ல. நம்மாழ்வாரை 1981-ல. அம்மாகிட்ட பேசுன மொழியிலேருந்து எடுத்துக் குடுத்தாரே தவிர அதுல சொந்தமா தொகுப்பு போடல. நம்மாளுங்க சில பேருக்கு அதுல ஒரு மனத்தாங்கல் உண்டு, "அவரு கன்னடக்காரருங்க"ன்னு ஒதுக்கிருவாங்க. எழுதுற மொழி ஸ்கூல்லயும் தெருவுலயும் சிநேகிதங்க கூடவும் சேர்ந்துதான் வருது, அம்மா மட்டும் பத்தாதுன்னு நான் நினைக்கிறேன்.

அவர் மேல விமர்சனமும் இல்லாம இல்ல. வசனங்களை மேற்கத்திய மாடர்ன் கவிதை மாதிரி ஆக்கிட்டாரு, அதுக்குள்ள இருந்த சைவ தத்துவத்தோட வார்த்தைகளை வழவழப்பாக்கிட்டாருன்னு விமர்சகர் தேஜஸ்வினி நிரஞ்சனா 1992-ல கடுமையாவே எழுதுனாங்க. அதுல நியாயம் இருக்கு. சங்கப்பாட்டுலயும் ஓசை போயிருச்சு, யாயும் ஞாயும்னு வாயில உருளுற சுகம் இங்கிலீஷ்ல இல்லவே இல்ல. ஆனாலும் ஓசை மட்டும் மிஞ்சி அர்த்தம் செத்துப்போன ஒரு கிளாஸ்ரூம்லேருந்து வந்தவன் நான். எனக்கு அவர் குடுத்தது எது குறைஞ்சிருந்துச்சோ அது.

ஆழ்வார் வசனம்னு போறவரு இன்னொரு பக்கம் பாட்டிக் கதையும் சேர்த்துக்கிட்டே இருந்தாரு. 1991-ல வந்த நாட்டுப்புறக் கதைத் தொகுப்புல ஒரு தமிழ்க்கதை. ஒரு விதவை, ரெண்டு மகன், ரெண்டு மருமக, நாலு பேரும் அவளைப் போட்டு வதைக்கிறாங்க. யார்கிட்டயும் சொல்ல முடியாம உள்ளேயே வச்சு வச்சு உடம்பு ஊதிக்கிட்டே போகுது, அதுக்கும் ஏச்சு. ஒரு நாள் கூரை இல்லாத பாழடைஞ்ச வீட்டுக்குள்ள போய் ஒரு சுவத்தைப் பாத்து பெரிய மகனைப் பத்தி அழுது தீக்குறா, சுவரு இடிஞ்சு விழுது, இவ உடம்பு லேசாகுது. அடுத்த சுவத்துக்கிட்ட மருமக. இப்படி நாலு சுவரும் விழுந்து, இளைச்சு லேசாகி வீட்டுக்குப் போறா. எங்க அத்தை இதே கதையைச் சொல்லுவாங்க, அவங்க கதையில சுவருக்குப் பதிலா மரம். சொல்லி முடிச்சுட்டு ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசாம இருப்பாங்க. அதை இலக்கியம்னு நாங்க யாரும் நினைக்கல, அத்தையும் நினைக்கல.

ராமாயணக் கட்டுரை விவகாரம் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், சுருக்கமாச் சொல்லிடுறேன். 300 ராமாயணம்னு அவர் எழுதுனது வால்மீகி, கம்பன், ஜைன ராமாயணம், தாய்லாந்து, கன்னட வாய்மொழிப் பாட்டுன்னு அஞ்சை எடுத்து வச்சுப் பாக்குற கட்டுரை. அகலிகை கல்லாகுறது வால்மீகியில இல்ல, கம்பன்ல இருக்குங்கிறதெல்லாம் நம்ம பட்டிமன்றத்துல கேட்டு வளர்ந்த சமாச்சாரம்தான். கன்னடப் பாட்டுல ராவணன் தும்முறான், சீதை பொறக்குறா, ஏன்னா கன்னடத்துல "சீத"ன்னா தும்முனான்னு அர்த்தம். டெல்லி யுனிவர்சிட்டி பாடத்துல அது இருந்ததுக்கு 2008-ல வரலாற்றுத் துறையில புகுந்து உடைச்சாங்க, 2011-ல அகாடமிக் கவுன்சில் ஓட்டுப் போட்டு தூக்கிட்டாங்க. அப்போ அவர் செத்து 18 வருஷம் ஆச்சு. தும்மலையும் வால்மீகியையும் ஒரே பந்தியில உக்கார வச்சதுதான் அவங்களுக்குப் பிடிக்கலன்னு நினைக்கிறேன். மாடியும் அடுக்களையும் ஒரே வீடுன்னு நினைக்கிற ஆளு வேற எப்படி எழுதுவாரு.

பட்டம் விருதெல்லாம் நிறைய. 1976-ல பத்மஸ்ரீ, 1983-ல அமெரிக்காவோட மெக்ஆர்தர் ஃபெல்லோஷிப். 1993 ஜூலை 13, சிகாகோவுல ஒரு ஆபரேஷனுக்காக மயக்க மருந்து குடுத்தப்போ போயிட்டாரு, 64 வயசு. சாகித்ய அகாடமி 1999-ல, செத்ததுக்கு அப்புறம் குடுத்தாங்க.

போன மாசம் படிச்ச காலேஜுக்கு ஒரு வேலையாப் போனேன். லைப்ரரியில அந்தப் புத்தகம் இன்னும் இருக்கு, பைண்டிங் விட்டுப்போய், நூல் தொங்கிக்கிட்டு. ஐங்குறுநூறு பக்கத்தை எடுத்தேன். ராமானுஜன் அந்த இடத்துல மானைப் போடல, பொதுவா மிருகங்கள்னு போட்டுட்டாரு. பக்கத்துல எவனோ பென்சில்ல "மான் எங்கடா?"ன்னு எழுதி ரெண்டு கோடு அடிச்சிருக்கான். அதுக்குக் கீழ வேற கையெழுத்து, கொஞ்சம் பழசு, "அன்னாய் = ஃபிரெண்டா??"ன்னு. அதுவும் ஞாயம்தான், அன்னாய்னா அம்மான்னுதானே. ஆனா தோழியைத்தான் அவ அம்மாங்குறா, இன்னைக்கும் என் பொண்டாட்டி அவ சிநேகிதிக்கு போன் போட்டா "சொல்லும்மா, சாப்ட்டியாம்மா"ன்னுதான் பேசுவா. அந்த "ம்மா"வை இங்கிலீஷ்ல எங்கேன்னு போய் தேடுறது. பாக்கெட்ல பேனாதான் இருந்துச்சு, லைப்ரரியன் கிட்ட போய் பென்சில் இருக்குமா சார்னு கேட்டேன்.